முன்பாடம்

மறுபடியும் அதே வரி, சிவப்பு எழுத்தில். முன்பாடம் நிறைவு செய்யப்படவில்லை. திரையில் இங்கிலீஷில்தான் வருகிறது, காலையிலிருந்து பார்த்துப் பார்த்து எனக்குள் அது தமிழிலேயே ஓட ஆரம்பித்துவிட்டது. ஸ்ட்ரக்சுரல் அனாலிசிஸ் என்கிற பாடத்துக்கு நேராக இருக்கிற கட்டத்தில் டிக் போடுகிறேன், கீழே பொத்தானை அழுத்துகிறேன், சின்ன வட்டம் சுற்றுகிறது, சுற்றி முடித்து இந்த வரியைத் துப்புகிறது. இதுதான் வரும் என்று தெரிந்தே அழுத்துகிறேன். ஒருவேளை இந்தத் தடவை. ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் தேறினவர்களுக்குத்தான் இந்தப் பாடம். நான் தேறியிருக்கிறேன். இதே கல்லூரியில், இதே சிவில் பிளாக்கின் கீழ்த்தளத்து ஹாலில், ஜன்னலோரம் உட்கார்ந்து எழுதி, நல்ல மார்க்கில் தேறினேன். ஆனால் அப்போது அந்தப் பாடத்துக்கு வேறு பெயர், வேறு எண். இரண்டாம் வருஷக் கடைசியில் கல்யாணம் ஆகிப்போய் திரும்பி வருவதற்குள் பாடத்திட்டத்தையே மாற்றிவிட்டார்கள். உள்ளே இருப்பது அதே பாடம்தான், அதே பீம், அதே கம்பி, அதே பாரம். பெயர்தான் வேறு. கம்ப்யூட்டருக்குப் பெயர்தான் தெரியும், என்னைத் தெரியாது. சாருமதி என்று மேல்மூலையில் என் பெயரை மட்டும் அழகாகக் காட்டுகிறது, வணக்கம் சாருமதி என்கிறது, கீழே போனால் நீ எதையும் முடிக்கவில்லை என்கிறது.

பக்கத்து நாற்காலியில் நஸ்ரின். என்னைவிட எவ்வளவோ சின்னவள், இந்த வகுப்பில் எல்லோருமே சின்னவர்கள். வந்தாள், உட்கார்ந்தாள், அவளுக்கு எல்லாம் பச்சையாக வந்தது, அவ்வளவுதான். "அக்கா, உங்களுக்காகத்தான் உக்காந்திருக்கேன், சேர்ந்தே சாப்பிடப் போலாம்" என்றாள். அவள் போய்விட்டால்கூட நன்றாக இருக்கும், ஆனால் போகாமல் இருப்பதும் நன்றாக இருக்கிறது. இந்த லேபில் ஏன் இவ்வளவு குளிர் வைக்கிறார்கள்? கம்ப்யூட்டருக்காகவாம். செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்த கால் சில்லிட்டுப் போய், விரல்களை மடக்கி மடக்கி நீட்டுகிறேன். மதியச் சாப்பாட்டு பெல் அடித்தால் பதிவு மூடிவிடும். மூடிவிட்டால் மூடினதுதான், இந்த செமஸ்டர் போச்சு. சேர்ந்த நாளிலிருந்து இத்தனை வருஷத்துக்குள் டிகிரியை முடிக்க வேண்டும் என்று யூனிவர்சிட்டி ஒரு எல்லை வைத்திருக்கிறது, அந்த எல்லையின் விளிம்பில்தான் என்னைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். ஒரு செமஸ்டர் நழுவினாலும் நான் கீழே. காலையிலேயே ஞானசிகாமணி சாரிடம் ஓடினேன், அவர்தான் எங்கள் வகுப்பு அட்வைசர். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு என் பழைய மார்க் ஷீட்டைப் பார்த்தார். "பாஸ் பண்ணியிருக்க, அது எனக்குத் தெரியுது. ஆனா ரெண்டும் ஒன்னுதான்னு கமிட்டி சொல்லணும்மா." கமிட்டி எப்போ சார்? "அடுத்த வாரம்." பதிவு இன்னைக்கே முடியுதே சார்? "அதான் பாக்கறேன்." ஆபீஸுக்குப் போகச் சொன்னார். ஆபீஸில் எக்ஸாம் செக்‌ஷனுக்குப் போகச் சொன்னார்கள். எக்ஸாம் செக்‌ஷனில், உங்க அட்வைசர் ஓகே பண்ணினால் நாங்கள் என்ன வேண்டாம் என்றா சொல்லப்போகிறோம் என்றார்கள். திரும்பி சாரிடமே வந்து நின்றேன். அவர் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "நீ போய் லேப்ல உக்காரு. நான் டீனைப் பார்த்துட்டு வரேன். எங்கயும் போயிடாத." எங்கே போவேன். எங்கேயும் போகத் தெரியாமல்தானே இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

போன் மடியில் அதிர்கிறது. அண்ணன். எடுக்காமல் இருந்தால் திரும்பக் கூப்பிடுவான், எடுத்தால் என்ன சொல்வது. எடுக்கிறேன், குனிந்து, கீபோர்டுக்குள் பேசுவதுபோல. "என்ன பாப்பா, ஆச்சா?" இன்னும் இல்லண்ணா, சார் டீனைப் பார்க்கப் போயிருக்கார். "ஞாயித்துக்கிழமை திருப்பூர்ல இருந்து அவங்க வர்றாங்கன்னு ஞாபகம் இருக்கில்ல?" இருக்குண்ணா. "வந்து உக்காந்து, பொண்ணை அனுப்புங்கன்னா நான் என்னத்தச் சொல்றது? காலேஜ்ல சேந்துட்டா, படிச்சுட்டு இருக்கான்னு ஒரு வார்த்தை கையில இருந்தா அதையப் புடிச்சுக்குவேன். வூட்ல சும்மா இருக்கறான்னா, அப்ப அங்க வந்து இருக்கட்டுமேன்னுதான் கேப்பாங்க. பெரிய மனுசங்க நாலு பேரைக் கூட்டிட்டு வராங்க பாப்பா." சரிண்ணா. "நான் உன்னையத் திட்டல." தெரியும்ண்ணா. பின்னால் அண்ணியின் குரல், அவளை நிம்மதியா விடுங்க, ஆனதும் அவளே கூப்பிடுவா. வைத்துவிட்டான். திட்டவில்லைதான். என் அண்ணன் செல்வநாயகம் யாரையும் திட்டமாட்டான். அவனுக்கு ஒரு வார்த்தை வேண்டும், அவ்வளவுதான், சபையில் சொல்ல ஒரு வார்த்தை. என் தங்கச்சிக்கு அங்கே போகப் பிடிக்கவில்லை என்பது அவன் வாயில் வராது. வந்தாலும் அது ஒரு காரணமாகாது. அடிச்சாரா என்பார்கள். இல்லை. குடியா? இல்லை. வேற பொண்ணு ஏதாச்சும்? அதெல்லாம் இல்லை. அப்புறம் என்னம்மா?

அப்புறம் என்ன. இதற்கு நான் எத்தனையோ தடவை பதில் தயார் பண்ணியிருக்கிறேன், பாத்திரம் விளக்கும்போது, தலை துவட்டும்போது, வாய்க்குள்ளேயே நன்றாக வரும். யாராவது எதிரில் உட்கார்ந்து கேட்டால் ஒன்றுமே இல்லாததுபோல ஆகிவிடும். படிக்க வேண்டாம் என்று அவர்கள் வீட்டில் ஒருநாளும் சொன்னதில்லை. பொண்ணு பார்க்க வந்தபோதே, எங்க வீட்டுக்கு வந்தும் படிக்கலாம், திருப்பூர்ல இல்லாத காலேஜா என்றார்கள். "படிக்க வேண்டாம்னு யாரு சொன்னா?" இதை என் வீட்டுக்காரர் கதிர்வேல் சிரித்துக்கொண்டேதான் சொல்வார், என் முடியைக் கோதிவிட்டுக்கூடச் சொல்வார். முதல்ல தங்கச்சி கல்யாணம் முடியட்டும், நீ இல்லாம அம்மா தனியாத் திண்டாடுவாங்க. முடிந்தது. முதல்ல வீடு கட்டி முடிக்கட்டும். வீடு முடிந்தது, கீழே தறி மாதிரி சதா ஓடுகிற பனியன் மிஷின்கள், மேலே நாங்கள், மாடிப்படியின் அடியில் ஒரு கேட். அப்புறம் அத்தை சொன்னாள், "அதுக்கென்ன அம்மிணி, தாராளமாப் படி. மொதல்ல ஒரு கொழந்தையப் பெத்துப் போட்டுட்டீன்னா, நான் பாத்துக்கறேன், நீ பாட்டுக்கு காலேஜ் போ." குழந்தை வரவில்லை. முதல்ல டாக்டரைப் பார்க்கலாம். முதல்ல வேறு டாக்டரைப் பார்க்கலாம். ஒவ்வொரு தடவையும் நான் சரி என்றேன், ஏனென்றால் ஒவ்வொரு தடவையும் அது நியாயமாகத்தான் இருந்தது, யார் கேட்டாலும் நியாயம் என்றுதான் சொல்வார்கள், நானே சொல்வேன். கேட்டைக்கூடப் பகலில் பூட்டமாட்டார்கள். ஆனால் அதைத் திறந்துகொண்டு போக எனக்கு ஒரு காரணம் வேண்டும், தேங்காய் தீர்ந்துபோவது மாதிரி.

தேங்காய் தீர்ந்துபோனதுதான். உண்மையிலேயே தீர்ந்துபோனது, நான் திட்டம் போடவில்லை, சத்தியமாகப் போடவில்லை, ஞாயிற்றுக்கிழமை கேட்டால் இதைச் சொல்லலாமா, சொன்னால் சிரிப்பார்களா. பையை எடுத்துக்கொண்டு ரோட்டுக்கு வந்தேன், கடை எதிர்ப்பக்கம், ரோட்டைத் தாண்டக் காத்து நின்றேன், முன்னால் ஒரு பஸ் வந்து நின்றது. சேலம் என்று போட்டிருந்தது. ஜன்னல் சீட் காலியாக இருந்தது. வேறெதுவும் நினைத்த ஞாபகம் இல்லை, ஜன்னல் சீட் காலியாக இருக்கிறதே என்று மட்டும். கண்டக்டர் எங்கம்மா என்றார், சேலம் என்றேன். அப்படி ஒரு ஊர்ப் பெயரை யாரையும் கேட்காமல் அதற்கு முன்னால் நான் சொன்னதே இல்லை. சங்ககிரி தாண்டும் வரைக்கும் தேங்காய்ப் பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது, பக்கத்திலிருந்த அம்மா, எடும்மா யாரோ தேடறாங்க என்றார். சேலத்தில் அண்ணன் வீட்டுக் கதவைத் தட்டினேன், அண்ணி திறந்து என் முகத்தைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள். "வா, சாப்பிடு" என்றாள். ஒன்றும் கேட்கவில்லை, இன்றுவரை கேட்கவில்லை. அப்படியும் அந்த வீட்டில் அண்ணியின் குழந்தைகள் படிக்கிற அறையில்தான் படுக்கிறேன், அவர்கள் தூங்கின பிறகுதான் உள்ளே போகிறேன், எழுவதற்குள் வெளியே வந்துவிடுகிறேன். யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. யாரும் சொல்லாமலேயே நான் சுருங்கிக்கொள்கிறேன், இது எங்கே கற்றுக்கொண்டது, திருப்பூரிலா, அதற்கும் முன்னாலா.

சார் இன்னும் வரவில்லை. டீன் ரூமில் கூட்டமாக இருக்கும். டீன் முடியாது என்று சொல்லியிருப்பார், அதைச் சொல்ல சாருக்கு மனசு வராமல் கேண்டீனில் டீ குடித்துக்கொண்டிருப்பார். இல்லை, அவர் அப்படிப்பட்டவர் இல்லை. எப்படித் தெரியும் உனக்கு. நஸ்ரின் என் திரையை எட்டிப் பார்க்கிறாள். "அக்கா, நான் ஒன்னு சொல்லட்டா? அந்த முந்தின பேப்பரையே மறுபடி எடுத்துடுங்களேன். அது பச்சையா காட்டுது பாருங்க. செகண்ட் இயர் பசங்களோட உக்காந்து எழுதிட்டா முடிஞ்சுது." எடுக்கலாம். எடுத்தால், அது முடிந்த பிறகுதான் இது. இது முடிந்த பிறகுதான் ஆர்.சி.சி. டிசைன். அது முடிந்த பிறகுதான் ப்ராஜெக்ட். ஒவ்வொன்றும் வருஷத்துக்கு ஒரு தடவைதான் வரும். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன், எல்லை என் கையைவிட்டுத் தாண்டிப் போய்விடுகிறது. பாஸ் பண்ணினதை எதுக்கு நஸ்ரின் மறுபடி எடுக்கணும் என்கிறேன். என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது, முன்வரிசையில் இருவர் திரும்பிப் பார்க்கிறார்கள். நான் பாஸ் பண்ணினேன். கல்யாணத்துக்குப் பந்தக்கால் நட்ட மறுநாள், கையில் மருதாணியோடு போய் எழுதினேன், நல்ல மார்க் வாங்கினேன். என்னிடமிருந்து யாரும் எடுக்க முடியாதது என்று ஒன்று இருக்கிறதென்றால் அது அதுதான், அதையும் முடிக்கவில்லை என்றால் எப்படி. நஸ்ரின் பயந்துவிட்டாள். "இல்லக்கா, சும்மாதான் சொன்னேன்." அவள் கையைத் தொடுகிறேன். பரவால்ல.

கொஞ்ச நேரம் கழித்து, சமாதானம் செய்வதுபோல, அவள் தன் போனை என் பக்கம் திருப்புகிறாள். "அக்கா, என் தங்கச்சி பாலிடெக்னிக்ல படிக்கிறா. இந்தக் கணக்குல டவுட்டாம், மதியம் டெஸ்ட். நான் போட்டுட்டேன், சரியான்னு மட்டும் பாருங்களேன், நீங்கதான் இதுல டாப்பாச்சே." ஒரு பீம். இரண்டு முக்கோணத்தின்மேல் கிடக்கிற நீளக் கோடு, வலதுபக்கம் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, மேலிருந்து இரண்டு அம்புகள். தெரியும், இது எனக்குத் தெரியும். பார்க்கிறேன். முதலில் எதையோ கண்டுபிடிக்க வேண்டும். எதை? அந்த வகுப்பு ஞாபகம் வருகிறது, மதியத்து வெயில் பெஞ்சில் விழும், நான் பெண்டிங் மொமென்ட் படத்தை நீலப் பென்சிலில் கோடுகோடாக நிரப்புவேன், பின்பெஞ்சில் யாரோ மிக்சர் தின்னுவார்கள், அந்த நீலத்தின் நிறம்கூட இப்போது கண்ணில் தெரிகிறது. படம் மேலே வளையுமா கீழே வளையுமா என்பது தெரியவில்லை. அம்புகளைக் கூட்ட வேண்டும். கூட்டி? எதனாலோ பெருக்க வேண்டும், தூரத்தால், எங்கேயிருந்து தூரம்? நஸ்ரின் காத்திருக்கிறாள். நான் போனை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்துக்கொள்கிறேன், எழுத்து சின்னதாக இருப்பதுபோல. உள்ளே போய்த் தேடுகிறேன், தேடுகிற இடத்தில் மிஷின் ஓடுகிற சத்தம்தான் இருக்கிறது, புளிக்கரைசலுக்கு எவ்வளவு உப்பு என்பது இருக்கிறது, அத்தைக்கு எந்த மாத்திரை காலையில் எது ராத்திரி என்பது இருக்கிறது, மாமனாரின் டீயில் சர்க்கரை எவ்வளவு என்பது இருக்கிறது. இது இல்லை. சுத்தமாக இல்லை. சரிதான் போலிருக்கு என்று சொல்லிப் போனைத் திருப்பிக் கொடுக்கிறேன். "தேங்க்ஸ்க்கா" என்று அவள் தங்கைக்கு அனுப்பிவிடுகிறாள். தப்பாக இருந்தால்? அந்தப் பெண் மதியம் போய் அதையே எழுதுவாள். நஸ்ரின், ஒரு நிமிஷம், என்கிறேன். எனக்குத் தெரியலை. பார்க்காமலே சொல்லிட்டேன். அவள் என்னைப் பார்க்கிறாள். "அக்கா?" எனக்கு எல்லாம் மறந்துபோச்சு நஸ்ரின். ஒரு வரிகூட இல்லை. அவள் போனை எடுக்கிறாள். குனிந்து தான் போட்டதை மறுபடி ஒருமுறை தானே சரிபார்க்கிறாள், உதடு அசைய. "சரியாத்தான்க்கா இருக்கு" என்கிறாள் கடைசியில், மெதுவாக.

திரையைப் பார்க்கிறேன். காலையிலிருந்து யாரிடமெல்லாம் சண்டை போட்டேன். நான் முடித்திருக்கிறேன், முடித்திருக்கிறேன் என்று ஒவ்வொரு ஜன்னலிலும் தலையை நீட்டிச் சொன்னேன். ஆபீஸ் அம்மாவிடம் குரலை உயர்த்தினேன். இந்த முட்டாள் கம்ப்யூட்டர் தப்புச் சொல்கிறது என்றேன். மறுபடி படித்தால் வருஷம் போதாது. படிக்காமல் மேலே போனால் முதல் வகுப்பிலேயே தெரிந்துவிடும், சின்னப் பிள்ளைகள் முன்னால் போர்டில் கூப்பிட்டு நிறுத்துவார்கள், நான் சாக்பீஸைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். எழுந்து போய்விடலாம். செருப்பைப் போட்டுக்கொண்டு படியிறங்கி கேட்டுக்கு வெளியே. வெளியே எந்த பஸ். அண்ணன் வீட்டுக்கு ஒரு பஸ், அந்த பஸ்ஸில் ஞாயிற்றுக்கிழமையும் கூடவே ஏறி உட்கார்ந்திருக்கும். எழுந்திருக்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை, நாற்காலியின் நுனியில் ஒட்டிக்கொண்டிருக்கிறேன். போன். அண்ணன் என்று நினைத்துத்தான் எடுக்கிறேன். "சாருமதி, ஞானசிகாமணி பேசறேன். டீன் கையெழுத்துப் போட்டுட்டார்ம்மா. சிஸ்டம்ல நானே திறந்துவிட்டுட்டேன். இப்ப போடு." மூச்சு வாங்குகிறது அவருக்கு, மாடி ஏறி இறங்கியிருக்கிறார். நான் மவுஸிலிருந்து கையை எடுக்கிறேன். "கேக்குதா?" சார். "சொல்லு." சார், எனக்கு அந்தப் பாடம் மறந்துபோச்சு சார். இப்பத்தான் ஒரு கணக்கைப் பார்த்தேன். ஒன்னுமே வரலை. மறுமுனையில் எங்கோ ஒரு கதவு சாத்துகிற ஒலி. முடிந்தது, நானே முடித்துவிட்டேன், இப்போது அவர் திறந்ததை மூடிவிடுவார். "ஏம்மா" என்கிறார், "நானே கிளாஸுக்குப் போறதுக்கு முந்தி ஒரு தடவை புரட்டிப் பார்த்துட்டுத்தான் போறேன். மறந்துபோச்சுன்னா படி. அதுக்கு நான் டீன் கிட்ட கையெழுத்து வாங்க முடியாது, நீதான் உக்காரணும். கஷ்டமாத்தான் இருக்கும், சும்மா சொல்லல. போடு, பெல் அடிக்கப் போவுது."

டிக் போடுகிறேன். விரல் குளிரில் விறைத்திருக்கிறது, ஒரு தடவை தவறிப் பக்கத்தில் படுகிறது. அழுத்துகிறேன். சுற்றுகிறது. சுற்றும்போதே ஒரு மனசு வேண்டாம் என்கிறது, பழையபடி அந்த வரியே வந்துவிடட்டும், அப்போது குற்றம் என்னுடையது இல்லை. பதிவாகிவிட்டது. நஸ்ரின் சின்னதாகக் கை தட்டுகிறாள். எனக்குச் சந்தோஷமாக இல்லை. உள்ளே வந்தாகிவிட்டது, இனி வெளியே போக வழியில்லை, அதுதான் தெரிகிறது. அண்ணனுக்குச் சொல்ல வேண்டும். அவனுக்கு அவன் வார்த்தை கிடைத்துவிட்டது, ஞாயிற்றுக்கிழமை அதை வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்காருவான். பெரிய மனிதர்கள் நாலு பேரும், சரி, படிப்பு முடியட்டும், அப்புறம் பேசலாம் என்பார்கள். அப்புறம். நான் அப்புறமும் போகப்போவதில்லை. இதை நான் இதுவரை நினைத்ததில்லை, நினைத்ததாகத் தெரிந்ததில்லை, இப்போது மிகச் சாதாரணமாக வந்து நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை அண்ணன் பேசி முடித்ததும் அதை நானே சொல்ல வேண்டும், கூடத்துக்கு வந்து, எல்லோர் எதிரிலும். குரல் வருமா என்று தெரியவில்லை. பெல் அடிக்கிறது. எல்லோரும் நாற்காலிகளை இழுத்துக்கொண்டு எழுகிறார்கள், திரைகள் ஒவ்வொன்றாக அணைகின்றன. "வாங்கக்கா, சாப்பிடலாம்" என்று நஸ்ரின் பையைத் தோளில் மாட்டுகிறாள்.

உக்காரு நஸ்ரின் என்கிறேன், ஒரு அஞ்சு நிமிஷம். அந்தக் கணக்கை எனக்குச் சொல்லிக் கொடு. "இப்பவா?" இப்பவே. அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு உட்கார்கிறாள், பையிலிருந்து பேனாவை எடுக்கிறாள், எழுத ஒன்றும் அகப்படாமல் தன் உள்ளங்கையிலேயே ஒரு கோடு இழுக்கிறாள். "எங்கேர்ந்துக்கா ஆரம்பிக்கட்டும்?" எனக்கு ஒன்னுமே தெரியாதுன்னு வச்சுக்கிட்டுச் சொல்லு. "சரிக்கா. இது பீம்."